மௌனம் சம்மதமாவது எப்படி?

நேயர்களுக்கு வணக்கம். பாலியல் வன்முறை என்றதும் இருட்டுச் சந்தில் பதுங்கியிருக்கும் முகமறியாத ஒருவனே நம் நினைவுக்கு வருகிறான். ஆனால், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால், இந்தியாவில் பதிவாகும் வன்புணர்ச்சி வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில், குற்றம் சாட்டப்பட்டவர் அப்பெண்ணுக்கு முன்பே அறிமுகமானவர்.

அமெரிக்க உளவியலாளர் மேரி காஸும் அவருடைய குழுவினரும் 32 கல்லூரிகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவ மாணவியரிடம் நடத்திய ஆய்வு 1987-இல் வெளியானது. குற்றத்தின் பெயரைச் சொல்லாமல், நடந்த செயலை மட்டும் விவரித்துக் கேட்டார்கள். ஆண் மாணவர்களில் ஏறத்தாழ எட்டு விழுக்காட்டினர், சட்டத்தின் பார்வையில் வன்புணர்ச்சியாகவோ அதற்கான முயற்சியாகவோ அமையும் செயலைத் தாங்கள் செய்ததாக ஒப்புக்கொண்டார்கள். அது வன்புணர்ச்சியா என்று கேட்டபோது, அவர்களில் பெரும்பாலோர் இல்லை என்றே சொன்னார்கள். செய்ததை மறைக்காதவர் அதன் பெயரை மட்டும் மறுக்கிறார். இந்த விந்தையில்தான் சிக்கலின் முடிச்சு இருக்கிறது.

இதற்கான விளக்கத்தில் ஒரு பகுதி, தவறான புரிதல். ஓர் ஆணும் பெண்ணும் சில நிமிடங்கள் உரையாடுவதை வேறோர் ஆணும் பெண்ணும் மறைவிலிருந்து கவனிக்கும்படி உளவியலாளர் அன்டோனியா ஆபி 1982-இல் ஒரு சோதனை நடத்தினார். அப்பெண்ணின் சாதாரண நட்பில் பெண்கள் கண்டதைவிட அதிகமான பாலியல் ஈடுபாட்டை ஆண்கள் கண்டார்கள். ஆயினும் இந்த விளக்கத்தோடு நின்றுவிடுவது குற்றவாளிக்கு நாம் காட்டும் சலுகையாகிவிடும் என்பது என் கருத்து. மேலதிகாரியின் முகக்குறிப்பைப் பிசகாமல் படிக்கத் தெரிந்தவருக்குத் தோழியின் தயக்கம் மட்டும் புரியாமல் போவதேன்?

உளவியலாளர் நீல் மாலமத்தின் ஆய்வுகள் இங்கே உதவுகின்றன. பெண்கள்மீது உள்ளூரப் பகையும் அவர்களை அடக்கியாளும் விருப்பமும் ஒருபுறம், பாலுறவை நெருக்கமற்ற விளையாட்டாகக் கருதும் போக்கு மறுபுறம். இவ்விரண்டும் ஒருவரிடம் சேரும்போது வன்முறைக்கான வாய்ப்பு கூடுகிறது. இந்த மனப்போக்குக்கு நண்பர் வட்டம் உரமிடுகிறது. 'எத்தனை பேர்' என்று எண்ணிப் பாராட்டும் கூட்டத்தில், மறுக்கப்பட்டவன் என்ற பெயர் அவமானமாகிவிடுகிறது. மது இதில் காரணம் என்பதைவிடச் சாக்கு என்பதே பொருத்தம்: குடித்த ஆணின் பழியைக் குறைத்து மதிப்பிடும் ஊர், குடித்த பெண்ணின் பழியைக் கூட்டிவிடுகிறது.

நமக்கென்று ஒரு சாக்கும் உண்டு. பெண் பார்க்கும் சடங்கில் தலைகுனிந்து நிற்பவளைப் பார்த்து, 'மௌனம் சம்மதம்' என்று பெரியவர்கள் சிரித்தபடி சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அச்சத்தில் உடல் உறைந்து, குரல் எழாமல் போவதும் மௌனம்தான். நம்பிய ஒருவரே கை வைக்கும்போது அதிர்ச்சியோடு குழப்பமும் சேர்ந்துகொள்ள, உடனே எதிர்க்க முடியாமல் போவது இயல்பு. 2013-இல் திருத்தப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம், சம்மதம் ஐயத்துக்கு இடமின்றி வெளிப்பட வேண்டும் என்றும், உடலால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் கொண்டு ஒரு பெண் இசைந்தாள் எனக் கருதக்கூடாது என்றும் சொன்னது. அதற்குப் பதிலாக 2024-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவிலும் அதே விளக்கம் இடம்பெற்றிருக்கிறது.