கொஞ்சம் இருமிக் காட்டுங்கள், தாத்தா
வணக்கம். நைட் டியூட்டி முடித்த கையோடு பேசுகிறேன், குரல் கம்மியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு அறுவை சிகிச்சை வார்டில் நான் நர்ஸ் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும்.

நேற்று ஒரு தாத்தா. நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்து இரண்டாம் நாள். "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலிக்கு ஒரு எண் சொல்லுங்கள்" என்றேன். "ரெண்டுதாம்மா" என்றார். சரி, ஒரு தடவை இருமுங்கள் என்றேன். லேசாகச் செருமிவிட்டு நிறுத்திக்கொண்டார். இன்னும் பலமாக என்றதும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார், கண்ணில் தண்ணீர். இப்போது? "எட்டு."

எங்களுக்கு வேண்டியது அந்த எட்டுதான். ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் ஓரத்திலும் ஒரு நரம்பு ஓடுகிறது. விலாக்களை விரித்துத் திறக்கும்போது அது நசுங்கும். கை உடைந்தால் கட்டுப்போட்டு அசையாமல் வைக்கலாம். நெஞ்சு நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை அசைந்தே ஆக வேண்டும். வலிக்குப் பயந்து மேல்மூச்சாகவே விட்டால் சளி தேங்கும், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், நிமோனியா வரும். வலியைப் பொறுத்துக்கொள்வது இங்கே வீரம் இல்லை.

ஒரே மருந்தை நம்புவதில்லை. முதுகில் மெல்லிய குழாய் வைத்து மரத்துப்போகும் மருந்து விடுவார்கள். எபிடியூரல் என்பது அதுதான். கூடவே பாராசிட்டமால், தேவைப்பட்டால் மார்ஃபின். "அடிமையாகிவிடுவாரா?" என்று வீட்டார் கேட்காத நாளில்லை. டாக்டர் பார்வையில் சில நாள் கொடுப்பதில் அந்தப் பயம் மிகக் குறைவு. நிஜத் தொல்லை மலச்சிக்கலும் குமட்டலும்தான். ஆனால் வீட்டுக்குப் போனபின் மாத்திரை அட்டையைப் படியுங்கள். டிரமடால் என்ற வலி மருந்தோடு பாராசிட்டமால் சேர்ந்தே வரும் மாத்திரை உண்டு. அது தெரியாமல் தனியாக இன்னொரு பாராசிட்டமால் போட்டால் அதன் அளவு மீறும்; பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு, சிலருக்கு அதைவிடக் குறைவு.

இன்னொன்று, அறுத்த பக்கத்துத் தோள்பட்டை வலி. படுத்த வாகு சரியில்லை என்று நினைப்பார்கள். பெரும்பாலும் அது உதரவிதானப் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) பக்கத்து எரிச்சலை ஒரு நரம்பு தோளில் கொண்டுபோய்க் காட்டுவது. எபிடியூரலுக்கு அந்த வலி அடங்காது, தனியாகச் சொல்லுங்கள்.

இரண்டு மாதம் கழித்தும் தழும்பைச் சுற்றி எரிச்சல், சட்டை பட்டாலே சுள்ளென்று வலி என்றால் அது நரம்பு வலி. அதற்கு மருந்தே வேறு. திடீரென்று வலி கூடி மூச்சும் வாங்கினால், காய்ச்சல் வந்தால், அடுத்த ரிவ்யூ தேதி வரை காத்திருக்க வேண்டாம்.

அப்புறம் தாத்தா. மயக்க மருந்து டாக்டர் வந்து குழாயைப் பார்த்து அளவை மாற்றினார். காலையில் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நன்றாகவே இருமினார். எத்தனை என்றேன். "நாலு" என்றார். மூச்சை இழுத்தால் பந்து மேலே ஏறும் மூச்சுப் பயிற்சிக் கருவியில் இரண்டு பந்து ஏறியது, மூன்றாவது கொஞ்சம் ஆடியது.