அடுத்த நோயாளியின் கட்சி

நடுவர் அவர்களே, மருத்துவர் மீது எடுக்கும் ஒழுங்கு நடவடிக்கை தண்டனையா, மக்களுக்குப் பாதுகாப்பா என்பது தலைப்பு. நான் பாதுகாப்பு அணி. எதிரணி நண்பர் பேசும்போது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கே மனசு இளகிவிட்டது. இத்தனை வருஷம் படித்தவர், ராத்தூக்கம் கெட்டவர், ஒரு தவறுக்காக அவர் பெயரை மருத்துவர் பதிவேட்டிலிருந்து அடித்து, தொழிலே செய்ய முடியாமல் ஆக்கிவிடுவதா என்றார். சரி, நியாயம்தான். ஆனால் அவர் பேச்சில் நோயாளி எத்தனை முறை வந்தார் என்று எண்ணிப் பார்த்தேன். ஒரே முறை. அதுவும் "சும்மா சும்மா புகார் கொடுக்கிறார்கள்" என்ற இடத்தில்!

ஜெயிலும் அபராதமும் நீதிமன்றத்து வேலை. டாக்டர்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் மருத்துவ கவுன்சில் கேட்க வேண்டியது வேறு: நாளைக்குக் காலையில் இவர் முன்னால் ஒரு நோயாளியை உட்கார வைக்கலாமா?

பிரிட்டனில் ஹரோல்ட் ஷிப்மன் என்று ஒரு டாக்டர். பெத்திடின் என்ற, போதை தரும் வலிநிவாரணி ஊசிக்கு அடிமையாகி, அதை வாங்க மருந்துச் சீட்டில் மோசடி செய்து, 1976-இல் நீதிமன்றத்தில் குற்றவாளி ஆனார். அபராதம் கட்டினார். மருத்துவ கவுன்சில் என்ன செய்தது? எச்சரித்து ஒரு கடிதம் போட்டது. அவ்வளவுதான். மறு வருஷமே ஹைட் என்ற ஊரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். 2000-இல் 15 கொலைகளுக்குத் தண்டனை வந்தது, அப்புறம் நடந்த விசாரணையில் அவர் கொன்றவர்கள் 215 பேர் என்று தெரிந்தது, பெரும்பாலும் வயதான பெண்கள், டாக்டர் வீட்டுக்கே வந்து பார்க்கிறாரே என்று சந்தோஷப்பட்டவர்கள். இவர் கொலைகாரர் என்று 1976-இல் யாருக்கும் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் போதை மருந்து விஷயத்தில் இவரை நம்ப முடியாது என்பது தெரியும். பின்னால் கொல்லப் பயன்பட்டதும் அதே வகை மருந்துதான், டயமார்ஃபின்.

நடவடிக்கை என்றாலே பெயரை அடிப்பது என்று நண்பர் நினைத்துக்கொண்டார். அதே பிரிட்டனில், பிரிஸ்டல் நகரத்தில் இதய அறுவை சிகிச்சையில் குழந்தைகள் அளவுக்கு மீறி இறந்த விவகாரத்தில், 1998-இல் இரண்டு டாக்டர்களின் பெயரை நீக்கினார்கள். மூன்றாமவருக்கு மட்டும், மூன்று வருஷம் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கூடாது என்று தடை. ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் பூட்டுப் போட்டார்கள். தண்டிப்பவனுக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு?

பிரிட்டனின் பவா-கார்பா வழக்கையும் நண்பர் இழுத்தார். ஆறு வயதுப் பையன் இறந்ததில் குற்றவாளி ஆன டாக்டர். ஆள் பற்றாக்குறை, பழுதான கணினி என்று அன்று மருத்துவமனையே நொண்டிக்கொண்டிருந்தது. டாக்டர்கள் மீதான ஒழுங்கு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம் 12 மாத இடைநீக்கம் கொடுத்தது. போதாது என்று கவுன்சிலே மேல்முறையீடு செய்து பெயரை நீக்க வைத்தது. 2018 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்து இடைநீக்கமே போதும் என்றது. நண்பரே, இது என் சாட்சி! கவுன்சில் தண்டிக்கக் கிளம்பியபோது தடுமாறியது. இவரால் இனி ஆபத்து உண்டா என்று கேட்டதும் வழி நேரானது.

மணி அடித்துவிட்டார்கள், ஒரே நிமிடம். அடுத்துப் பேச வரும் எதிரணிச் சகோதரி இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும். 1976-இல் அந்தக் கோப்பு உங்கள் மேஜைக்கு வந்திருந்தால், நீங்களும் ஒரு கடிதத்தோடு அனுப்பியிருப்பீர்களா?