கல்லில் பதிந்த அடிகள்

கொடைக்கானல் வானொலி நேயர்களுக்கு வணக்கம். கற்காலம் என்றதும் இம்மலையில் பலரும் தாண்டிக்குடிப் பக்கத்துக் கற்திட்டைகளையே நினைத்துக்கொள்கிறார்கள். அவை இரும்புக் காலத்து ஈமச் சின்னங்கள். வயது சில ஆயிரம் ஆண்டுகள்தான். நான் பேச வந்தது, 1863-ஆம் ஆண்டில் நிலவியலாளர்களான ராபர்ட் புரூஸ் புட்டும் வில்லியம் கிங்கும் கண்டறிந்த, சென்னைக்கு வடமேற்கே கொசஸ்தலையாற்றுப் படுகையில் உள்ள அதிரம்பாக்கத்தைப் பற்றி. அங்கு மண்ணுக்குள் கிடைத்த மிகப் பழைய கைக்கோடரிகளின், அதாவது இரு முகங்களிலும் செதுக்கிக் கையில் பிடித்துப் பயன்படுத்திய கற்கருவிகளின், வயது ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள்.

ஓடையில் உருண்டு உடைந்த கல்லையும் மனிதன் உடைத்த கல்லையும் எவ்வாறு பிரித்தறிவது? குவார்ட்சைட் என்னும் கடினமான கல்லின் விளிம்பில் இன்னொரு கல்லால் ஓங்கி அடித்தால், பெயர்ந்து விழும் செதிலின் உட்புறத்தில், அடி விழுந்த இடத்தையொட்டி ஒரு புடைப்பும், அங்கிருந்து விரியும் அலைவரிகளும் தோன்றுகின்றன. செதில் பெயர்ந்த மூலக்கல்லான கருக்கல்லில் அதற்கு ஈடான குழிவு தங்கிவிடுகிறது. ஒரு புடைப்பு மட்டும் இருந்தால் ஆற்றின் வேலையாகவும் இருக்கலாம். ஆனால் ஒரே விளிம்பின் இரு முகங்களிலும் மாறி மாறி, ஒரு வடிவத்தை நோக்கிக் குழிவுகள் சூழ்ந்து வருமானால் அதைத் தற்செயல் என்று கொள்ள இயலாது. எந்தக் குழிவு எதனை வெட்டிச் செல்கிறது என்று பார்த்தே, அடிகள் விழுந்த வரிசையையும் பெருமளவு எழுதிவிடலாம். நம் மலையின் சார்னோகைட், பெரிய மணிகளால் ஆன பாறை. இத்தனை தெளிவாக அது உடைவதில்லை.

அருங்காட்சியகப் பெட்டிகளில் அழகான கைக்கோடரிகளே இடம்பெறுகின்றன. என் கருத்தில், கழித்துப் போட்ட செதில்களே பெருஞ்செல்வம். ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே அதிரம்பாக்கத்தில் கைக்கோடரிகள் குறைந்து, கருக்கல்லை முன்கூட்டியே பக்குவப்படுத்தி வேண்டிய அளவில் செதிலைப் பெயர்க்கும் லெவல்வா முறை வந்துவிட்டது என்பதை, தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் உள்ளிட்ட குழுவினர் 2018-இல் வெளியிட்டார்கள். செதில்களைப் பொறுக்காமல் விட்டிருந்தால் அந்த மாற்றம் கண்ணில் பட்டிருக்காது.

இனி, வயதைக் கணிக்கும் வழி. நிலத்தின் மேல் கிடக்கும் குவார்ட்சைட் கல்லில் நிறைந்துள்ள குவார்ட்ஸ் கனிமத்தில் விண்கதிர்கள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் கதிரியக்க அணுக்களை உண்டாக்குகின்றன. கல் ஆழப் புதைந்தபின் புதியவை உண்டாவது ஏறக்குறைய நின்றுவிட, முன்னது விரைவாகவும் பின்னது மெதுவாகவும் சிதைவதால், இரண்டின் விகிதமே கல் புதைந்து கிடந்த காலத்தைக் காட்டுகிறது. அதிரம்பாக்கத்துப் பழைய அடுக்கின் வயது இம்முறையில் கணிக்கப்பட்டதே. ஆகவே, எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்ற குறிப்பில்லாமல் எடுத்து வந்த கைக்கோடரியைக் கொண்டு, அதைச் செய்த விதத்தைச் சொல்லலாம். காலத்தை உறுதியாகச் சொல்வது கடினம்.

நன்றி, வணக்கம்.