கதவைச் சாத்திய பின்

(மும்பை மாட்டுங்காவில் தமிழன்பர்கள் கூடும் மாதக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கார்களின்மீது மனிதர்களுக்கு ஏன் இவ்வளவு ஈர்ப்பு என்பதைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டபோது, இதற்கு ஒரு பொறியாளரையோ கார்ப் பந்தயக்காரரையோ அழைத்திருக்கலாமே என்றேன். நான் இரண்டும் அல்லன். மோட்டார் காப்பீட்டில் இழப்பை மதிப்பிடும் சர்வேயராக இந்த ஊரில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். நொறுங்கிய கார்களோடுதான் எனக்குப் பழக்கம். இருந்தாலும், ஒரு பொருள் அதன் உடைமையாளருக்கு என்னவாக இருந்தது என்பது அது உடைந்த பிறகுதான் வெளியே வரும் என்பதால், எனக்கும் சொல்ல ஏதோ இருக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டேன்.

இழப்பீட்டுத் தொகையில் தேய்மானத்துக்காக எவ்வளவு கழிக்க வேண்டும் என்று சொல்லும் ஓர் அட்டவணை எங்கள் தொழிலில் உண்டு. ரப்பர், நைலான், பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பாட்டரி ஆகியவற்றுக்கு 50 சதவீதம் தேய்மானம். ஃபைபர் கிளாசுக்கு 30 சதவீதம். கண்ணாடிக்குத் தேய்மானமே கிடையாது. வண்டி முழுவதுமாகப் போய்விட்டால், வாங்கி ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் கழியும். ஐந்தாம் ஆண்டில் பாதி போய்விடும். இந்தக் கணக்கை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவர் கேட்பதை நிறுத்திவிடுவார். கடைசியில் அவர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வியாகத்தான் இருக்கும்: "டேஷ்போர்டுல ஒட்டியிருக்கிற பிள்ளையாரை எடுத்துக்கலாமா சார்?" கழற்றி எடுத்த பிள்ளையாரைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போன இந்துக்களையும், அதே இடத்தில் இருந்த சிலுவையை எடுத்துக்கொண்டு போன கிறிஸ்தவர்களையும், எந்த அடையாளமும் இல்லாமல் ஸ்டீயரிங்கை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இந்த மனிதர்கள் எதை இழந்தார்கள் என்ற கேள்விதான் இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது.

வழக்கமாகச் சொல்லப்படும் விடை, வேகம். மற்ற ஊர்களில் அது பொருந்தலாம். மாலை ஆறரை மணிக்கு சயான் சிக்னலில் நின்றவர் யாரும் வேகத்துக்காகக் கார் வாங்கினேன் என்று சொல்ல மாட்டார். எனவே அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

இரண்டாவது விடை, பெருமை. இதை அவ்வளவு எளிதாக விட முடியாது. நெல்லைச் சீமையில் எங்கள் ஊர்ப்பக்கம் காருக்கு ஒரு காலத்தில் 'பிளசர்' என்று பெயர். லாரியும் பஸ்ஸும் பிழைப்புக்காக ஓடுபவை, இது இன்பத்துக்காக ஓடுவது என்று ஆங்கிலேயர் பிரித்து வைத்த பெயரை, பொருள் தெரியாமலே எங்கள் ஊர்க் கிழவிகள் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். தெருவில் பிளசர் வந்து நிற்கிறது என்றால், வந்தவர் யார், யார் வீட்டுக்கு வந்தார் என்பது அன்று இரவுவரை பேச்சாக இருக்கும். இன்னும் பின்னே போனால், முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியை நாம் இன்றளவும் வள்ளல் என்று கொண்டாடுவதற்கு, அவன் கொடுத்தது தேர் என்பதும் ஒரு காரணம். அந்தக் கொடிக்கு ஒரு பந்தற்காலே போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் பந்தற்காலை எந்தப் புலவர் பாடுவார்?

இந்த ஊரில் பெருமையை அளக்க எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல், வீட்டுச் சங்கத்தின் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கும் விதம். நடந்து வருகிறவருக்குச் சின்னக் கதவு. காருக்குப் பெரிய கேட், அதிலும் காரின் நீளத்தைப் பொறுத்து ஒரு சல்யூட். இந்தக் கணக்கைச் சரியாகப் போடாததால் ஒரு நல்ல முயற்சி தோற்றதை நாம் கண்ணால் பார்த்தோம். மழையில் ஒரே ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு போகும் குடும்பங்களைக் கண்டு மனம் பொறாமல், ஒரு லட்ச ரூபாய்க்குள் கார் தர வேண்டும் என்று ரத்தன் டாடா எண்ணியதன் விளைவாக 2008 ஜனவரியில் நானோ அறிமுகமானது. பொறியியலில் அது எளிய சாதனை அன்று. ஆனால் நாட்டிலேயே மலிவான கார் என்ற பெயர் அதன்மேல் ஒட்டிக்கொண்டது; அப்படி ஒட்டவிட்டது தவறு என்பதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். 2018-இல் உற்பத்தி நின்றது. ஸ்கூட்டரிலிருந்து இறங்கிக் காரில் ஏறுகிறவர், தான் ஏறியதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறார்; மலிவு என்ற சொல் அந்த நாலு பேரின் முன்னால் அவரைத் தலைகுனிய வைத்துவிட்டது.

ஆகவே பெருமை உண்டு. ஆனால் அது காருக்கு வெளியே நின்று பார்க்கிறவர்களைப் பற்றிய செய்தி. காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இங்கே மும்பையின் கணக்குகள் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் வளர்ந்தது தாராவியில், கோலி என்று இங்கே சொல்லும் பத்துக்குப் பத்து அடி ஒற்றை அறையில். அப்பா, அம்மா, பாட்டி, நாங்கள் ஐந்து பிள்ளைகள், ஊரிலிருந்து வேலை தேடி வந்து எப்போதும் தங்கியிருக்கும் ஒரு சித்தப்பா. அந்த அறைக்கு ஒரு கதவு இருந்தது. பகலெல்லாம் அது திறந்தே கிடக்கும், சாத்தினால் காற்று வராது. எனக்கென்று சாத்திக்கொள்ளக் கதவு எதுவும் இருந்ததில்லை. அங்கிருந்து வேலைக்குப் போனால் லோக்கல் ரயில். நெரிசல் நேரத்தில் ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் நிற்கிறார்கள் என்பது ரயில்வே வட்டாரத்திலேயே வழங்கும் கணக்கு. மூச்சு விடுவதற்குக்கூடப் பக்கத்திலிருப்பவர் விட்டு முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று நாங்கள் வேடிக்கையாகச் சொல்வோம். 1983 டிசம்பரில் அறிமுகமான மாருதி 800-இன் பிந்தைய வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் மூன்றே கால் மீட்டருக்குச் சற்று மேல், அகலம் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆக 52 சதுர அடி. இந்தியச் சாலையில் ஓடியவற்றுள் மிகச் சிறிய கார்களில் ஒன்று. ஆனால் அந்த 52 சதுர அடியில் லோக்கல் ரயில் ஏறத்தாழ எழுபது பேரை நிறுத்திவிடும். அதில் ஒருவர் தனியாக, கால் நீட்டி, விருப்பமான பாட்டைப் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ரயிலில் இருபது வருடம் போய்வந்த ஒருவர் இந்தக் கதவைச் சாத்தும் முதல் நாளில் என்ன உணர்வார் என்பதை உங்களில் பலருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த ஓசையை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஷோரூமுக்குப் போகிறவர் இன்ஜினைக் கேட்பதற்கு முன்பே கதவைத் திறந்து சாத்திப் பார்க்கிறார். தகரம் அதிர்வதுபோல் கேட்டால் முகம் சுளிக்கிறார்; அடக்கமாக, கனமாகக் கேட்டால் மனம் நிறைகிறார். தயாரிப்பாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங், பூட்டுக் கொக்கியின் அமைப்பு, கதவுத் தகட்டின் உட்புறம் ஒட்டும் அதிர்வு தாங்கும் பட்டைகள் ஆகிய எல்லாவற்றையும் மாற்றி மாற்றி அந்த ஓசையைத் திட்டமிட்டே உருவாக்குகிறார்கள். புதுக் கார் வாசனை என்று நாம் மூச்சிழுத்து மகிழ்வது உண்மையில் பிளாஸ்டிக்கிலிருந்தும் பசையிலிருந்தும் ஆவியாகும் வேதிப்பொருள்களே. தெரிந்தும் இழுக்கிறோம், எந்தப் புதுமனைப் புகுவிழாவிலும் சுண்ணாம்பு வாசனையை அப்படித்தானே அனுபவித்தோம்?

எனக்குக் கோப்பு கொடுத்தவர்கள் வண்டியைப் பற்றிச் சொல்லத் தொடங்கித் தங்களைப் பற்றிச் சொல்லி முடித்ததுண்டு. அந்தேரியில் வேலை பார்த்த ஒரு பெண்மணி, அடிபட்ட காருக்கு மாற்று வண்டி கிடைக்க எத்தனை நாளாகும் என்று மறுபடி மறுபடி கேட்டார். அலுவலகம் போக டாக்சி இருக்கிறதே அம்மா என்றேன். போவதற்காக இல்லை என்றார். மாலையில் வீட்டுக் கட்டடத்தின் கீழே வண்டியை நிறுத்திவிட்டு, இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்த பிறகே மாடிக்குப் போவாராம். மேலே போனால் மாமியார், குழந்தைகள், அடுப்பு, அலுவலகத்தில் மேலாளர். "அந்தப் பத்து நிமிஷம் நான் யாருக்கும் ஒண்ணும் இல்லை சார்" என்றார். இதற்குப் பிறகு இரவில் நிறுத்தப்பட்ட கார்களைப் பார்த்தபோதெல்லாம், உள்ளே யாரோ இருட்டில் போன் பேசிக்கொண்டிருப்பதைக் கவனிக்கத் தொடங்கினேன். ஊரிலிருக்கும் அம்மாவிடம் மனம்விட்டுப் பேச, மும்பையில் பல ஆண்களுக்கு இதைவிட்டால் வேறு இடமில்லை.

சொந்தக் கார் இல்லாதவர்க்கும் இந்த அறை வாடகைக்குக் கிடைத்தது. அதுதான் கறுப்பும் மஞ்சளுமான நம் டாக்சி. வால்சந்த் ஹீராசந்த் 1944-இல் நிறுவிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், இங்கே குர்லாவில் தயாரித்த ஃபியட் காருக்கு 1974-இல் பத்மினி என்று பெயர் மாற்றியது. ராஜஸ்தானத்துச் சித்தூர் ராணியின் பெயர் அது. எங்கள் தெருவில் பலர் நாட்டியப் பேரொளியின் பெயர் என்றே உறுதியாக நம்பினார்கள், நானும் மறுக்கவில்லை. 1089 சிசி இன்ஜின், 40 குதிரைத்திறன் சொச்சம், ஸ்டீயரிங்கின் பக்கத்திலேயே கியர்த் தண்டு. கோடையில் காட் மலைப்பாதையில் ஏறும்போது பெட்ரோல் பம்ப் சூடாகி நின்றுவிட்டால், ஈரத்துணியை அதன்மேல் போட்டுவிட்டு எல்லோரும் இறங்கி நிற்க வேண்டும். பானெட்டைத் திறந்தால் எது எங்கே இருக்கிறது என்று தெரியும். கோளாறு என்னவென்று கையால் தொட்டு அறியலாம். இந்தக் கைப்பழக்கமும் ஒரு பெரிய ஈர்ப்புதான். இன்றைய கார்களில் பானெட்டைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் மூடி நம்மைப் பார்க்கிறது. 2003 அக்டோபர் 29 அன்று தாட்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவான கடைசி பத்மினி டாக்சி, 20 ஆண்டு வயது வரம்பு முடிந்து 2023 அக்டோபர் இறுதியில் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டபோது, வாழ்நாளில் கார் வாங்கியிராதவர்களும் வருந்தியதற்குக் காரணம் உண்டு. பிரசவத்துக்குப் போனதும், புது மனைவியோடு மெரின் டிரைவைச் சுற்றியதும் அதில்தான்.

இந்த அறைக்கு வேறொரு பக்கமும் இருக்கிறது. ஒரு கார் நிற்பதற்குச் சுமார் ஐந்து மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் ஒதுக்குகிறார்கள். 135 சதுர அடி. நாங்கள் ஒன்பது பேர் வாழ்ந்த கோலியைவிடப் பெரியது. பாந்த்ரா-வொர்லி கடற்பாலத்தில் நடப்பவருக்கும் இருசக்கர வண்டிக்கும் ஆட்டோவுக்கும் இடமில்லை. கடலின் நடுவிலிருந்து இந்த நகரைப் பார்க்கும் காட்சியே ஏறக்குறைய காரில் செல்வோருக்கென்று ஆகிவிட்டது. என் அறைக்குக் கதவு வேண்டும் என்று நான் கேட்பது நியாயம். அந்த அறையை நடைபாதையில் கொண்டுவந்து வைத்துவிட்டு நடக்கிறவரைச் சாலையில் இறங்கச் சொல்வது நியாயமாகாது. காரை நேசிப்பவன் என்ற முறையிலேயே இதைச் சொல்கிறேன்.

கதவைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு 2005 ஜூலை 26-ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆறு குர்லாவுக்குள்ளும் கலீனாவுக்குள்ளும் வந்தது. கார்தான் பாதுகாப்பு என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் திரும்பவில்லை. வெளியே நீர் உயர்ந்தால் அதன் அழுத்தத்தில் கதவைத் தள்ள முடியாது. மின்சாரத்தில் இயங்கும் கண்ணாடியும் பூட்டும் நீரில் நனைந்தால் வேலை செய்யாமல் போகலாம். அதன் பின் பல மாதங்கள் இந்த ஊரில் பலர் காருக்குள் ஒரு சுத்தியலை வைத்துக்கொண்டு ஓட்டினார்கள்.

அந்த ஆகஸ்டு முழுவதும் நான் சேறு படிந்த கார்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காலி மைதானத்தில் வரிசை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். உள்ளே அழுகிய பஞ்சின் நாற்றம். ஓய்வுபெற்ற தமிழர் ஒருவர், செம்பூரிலிருந்து வந்தவர், தம் மாருதிக்கான படிவத்தில் கையெழுத்திட வந்திருந்தார். முழு இழப்பு என்று எழுதியிருந்தேன். தொகையைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. "ஒரு நிமிஷம் உள்ளே உட்காரலாமா?" என்றார். வேட்டி அழுக்காகும் என்றேன். பரவாயில்லை என்று ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, கதவை இழுத்தார். பூட்டில் சேறு இறுகியிருந்ததால் அது சேரவில்லை. இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு கைப்பிடியை உள்ளிருந்து பிடித்துக் கதவை மூடியபடி வைத்துக்கொண்டு, எதிரே பார்த்தவாறு உட்கார்ந்திருந்தார். நான் படிவத்தோடு சற்றுத் தள்ளிப்போய் நின்றுகொண்டேன்.

நன்றி, வணக்கம்.