பழைய இண்டிகா டீசல்ல ஐட்லிங் ஏறி இறங்குதா? ஸ்க்ரூவத் தொடாதீங்க!

வணக்கம் மக்களே! மைக்க இன்ஜின் பக்கத்துல கொண்டு போறேன், கேளுங்க... வூம்... வூம்... ஏறுது, இறங்குது. ஆக்ஸிலேட்டர்ல கால் இல்ல, ஏசியும் போடல. இப்படி வண்டி சும்மா நிக்கும்போது இன்ஜின் ஓடுற வேகத்ததான் ஐட்லிங்னு சொல்றோம். இது 2004 மாடல் இண்டிகா வி2, டர்போ இல்லாத 1405 சிசி டீசல். பக்கத்துத் தெரு அண்ணனோட வண்டி. டி போர்டுல, அதாவது டாக்சியா ஓடிட்டிருந்தத வாங்கி ஓன் போர்டு ஆக்கியிருக்காரு.

இந்தச் சத்தம் கேட்டதும் நம்மாளுங்க முதல்ல பண்றது, இன்ஜினுக்கு டீசல் அனுப்புற பம்ப்ல இருக்கிற ஐட்லிங் ஸ்க்ரூவ ஒரு திருகு திருகுறது. அப்போதைக்கு அடங்கின மாதிரி இருக்கும். அப்புறம் சிக்னல்ல நின்னா வண்டி கத்திக்கிட்டே நிக்கும், கோளாறு அப்படியேதான் இருக்கும்.

ஏன்னு சொல்றேன். பெட்ரோல் வண்டியில காத்தக் கட்டுப்படுத்தி ஐட்லிங் வைப்பாங்க. இதுல காத்து தாராளமாப் போகும், எவ்ளோ டீசல் விடணும்ங்கிறத பம்ப்புக்குள்ள இருக்கிற கவர்னர்தான் பாத்துக்கும். உள்ள சின்னச் சின்ன வெயிட்டுங்க சுத்தும். வேகம் கூடினா விரிஞ்சு டீசலக் குறைக்கும், வேகம் விழுந்தா ஸ்பிரிங் தள்ளி டீசலக் கூட்டும். ஐட்லிங்ல ஒரு தடவைக்குப் போற டீசல் ஒரு சொட்டுக்கும் கம்மி. அதுல துளி காத்து கலந்தாலும் இன்ஜின் வேகம் விழும். உடனே கவர்னர் டீசல அள்ளி விடும், எகிறும், திரும்பக் குறைக்கும். நீங்க இப்போ கேக்குறது அந்த இழுபறியத்தான்.

இங்க பாருங்க. ஃபில்டர்லேர்ந்து பம்ப்புக்கு வர்ற கறுப்பு ஹோஸக் கழட்டிட்டு, உள்ள ஓடுறது தெரியிற மாதிரி டியூப் போட்டிருக்கேன். அதோ, ஊசிமுனை சைஸுல வரிசையா காத்து முட்டை வருதா? பின்னாடியே ஒண்ணு பெருசா வருது பாருங்க, அரை இன்ச் நீளம் இருக்கும். அது உள்ள போகட்டும்... போச்சு... கேட்டீங்களா, விழுந்துச்சு!

காத்து எந்த இடத்துல ஏறுதுன்னு பிரிக்க ஒரு வழி இருக்கு. சுத்தமான டீசல ஒரு கேன்ல ஊத்தி, பம்ப்ப விட உயரமா பானட்ல கட்டித் தொங்கவிட்டு, டியூப்ப நேரா பம்ப்ல குடுத்துட்டேன். இப்போ கேளுங்க... ஒரே சீரா ஓடுது. அப்போ பம்ப் மேல சந்தேகம் வேணாம், கோளாறு டேங்குக்கும் பம்ப்புக்கும் நடுவுலதான்.

தேடிப் பாத்தா, ஃபில்டர் ஹெட்ல டேங்க் ஹோஸ் மாட்டுற இடத்துல, கிளிப்புக்கு அடியில நகக்கீறல் மாதிரி வெடிப்பு. ரப்பருக்கு வயசாச்சு, வேற ஒண்ணுமில்ல. "ஒரு சொட்டு டீசல்கூட ஒழுகலையேப்பா"ன்னு அண்ணன் கேக்குறாரு. ஒழுகாதுண்ணே, பம்ப் டேங்க்லேர்ந்து உறிஞ்சுது, அதனால வெடிப்பு வழியா காத்துதான் உள்ள போகும். வண்டி நின்னதும் லைன்ல இருக்கிற டீசல் திரும்ப டேங்குக்கு இறங்கிடும். காலையில ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்துச்சுல்ல, அதுக்கும் காரணம் இதுதான்.

உங்க வண்டியில முட்டையே வரல, ஆனா குலுங்குதுன்னா நாசில் பக்கம், அதாவது சிலிண்டருக்குள்ள டீசலப் பீச்சுற பாகத்துப் பக்கம் போங்க. 17 ஸ்பேனர் எடுத்து, ஐட்லிங்ல ஓடும்போதே நாசில் மேல இருக்கிற நட்ட ஒவ்வொண்ணா அரைச் சுத்து லூஸ் பண்ணி, திரும்ப டைட் பண்ணுங்க. லூஸ் பண்ணினதும் ஓட்டம் இன்னும் மோசமாச்சுன்னா அந்த சிலிண்டர் வேலை செய்யுது. எந்த மாத்தமும் தெரியலன்னா கோளாறு அந்த சிலிண்டர்லதான். மேல துணிய மூடிக்கோங்க, விரல கிட்ட கொண்டு போகாதீங்க. அந்த பிரஷர்ல டீசல் தோலக் கிழிச்சு உள்ள போயிடும். காமன் ரெயில் வண்டியில, அதாவது எல்லா நாசிலுக்கும் ஒரே பைப்லேர்ந்து டீசல் போற புது டைப் டீசல் வண்டியில இந்த வேலையே வேணாம், அது வேற லெவல் பிரஷர், ஆளுக்கே ஆபத்து.

காலையில மட்டும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகையோட மிஸ் ஆகுதுன்னா ஸ்டார்ட் பண்றப்போ சிலிண்டருக்குள்ள சூடு ஏத்துற ஹீட்டர் பிளக்கப் பாருங்க. ஐட்லிங் ஒரேயடியா ஏறி நின்னுச்சுன்னா ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுத்துப் பிடிச்சிருக்கான்னு பாருங்க, லீவர் முழுசாத் திரும்பி ஸ்க்ரூல உக்காரணும்.

இதெல்லாம் முடிச்சப்புறம்தான் ஐட்லிங் ஸ்க்ரூ. இன்ஜின் நல்லா சூடாகட்டும். லாக் நட்ட லூஸ் பண்ணி, கால் சுத்து கால் சுத்தா வைங்க. இந்த மாதிரி பழைய டீசல் பெரும்பாலும் 800லேர்ந்து 900 ஆர்பிஎம்முக்குள்ள நிக்கும், உங்க வண்டி மேனுவல்ல போட்டிருக்கிறத வைங்க.

பம்ப் பின்பக்கம் இன்னொரு ஸ்க்ரூ இருக்கு, அது டீசல் அளவு. டாக்சியா ஓடின வண்டிகள்ல பிக்கப் வேணும்னு அதத் திருகி வச்சிருப்பாங்க. அதத் திருகினா ஐட்லிங்கும் சேந்து ஏறும், கரும்புகை கக்கும். அந்த ஸ்க்ரூவத் திருகக் கூடாதுன்னு போட்டிருக்கிற சீல் உடைஞ்சிருந்துச்சுன்னா நீங்க வீட்ல எதையும் நோண்டாதீங்க. பம்ப் கடையில டெஸ்ட் பெஞ்ச்ல ஏத்தி, டீசல் அளவ சரியா செட் பண்ற கேலிபிரேஷன் பண்ணச் சொல்லுங்க, பம்ப்பக் கழட்டுறதுக்கு முன்னாடி, திரும்ப அதே நிலையில மாட்டுறதுக்கான டைமிங் மார்க் போட்டாங்களான்னு நின்னு பாத்துட்டு வாங்க. சரி, நான் போய் இந்த ஹோஸ மாத்துறேன்.