மாரியில் திருகோணமலை உள்துறைமுகத்தில் தூண்டில்: மேல்தண்ணி வேறு, கீழ்தண்ணி வேறு

[திரையில்: விடியற்காலை. உள்துறைமுக வீதியிலிருந்து தெரியும் கடல். தண்ணீர் வெளிறிய தேநீர் நிறம். அங்கங்கே மிதக்கும் சல்வீனியா, வாழைத்தண்டு.]

மார்கழி. வாடை இறங்கிவிட்டது. கோணேசர் மலைக்குக் கீழும் உப்புவெளி, நிலாவெளிக் கரைகளிலும் அலை வெள்ளை வெள்ளையாக உடைகிறது. பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவருக்குப் பங்குனி வரை அந்தப் பக்கம் வேலை இல்லை. மலையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தால் உள்துறைமுகம் குளம் மாதிரிக் கிடக்கும். வாடை வடகிழக்கிலிருந்து வருகிறது, கடற்படைத் தளம் இருக்கிற மேட்டு நிலம் அதை மறிக்கிறது. மாரியில் இங்கே மீன் பிடிக்கலாம் என்பதற்கு அந்த மறைப்புத்தான் முதல் காரணம்.

ஆனால் தண்ணியின் நிறத்தைப் பார்த்து முக்கால்வாசிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். "கலங்கிப் போச்சு, மீன் இல்லை" என்பார்கள். அது பாதி உண்மை. மேலே இல்லை, கீழே இருக்கிறது.

[திரையில்: பக்கவாட்டு வரைபடம். மேலே மண்ணிறப் பட்டை, கீழே பச்சை.]

நவம்பர், டிசம்பர் இரண்டும் திருகோணமலையில் அதிகம் மழை விழும் மாதங்கள். சராசரியாக ஒவ்வொன்றிலும் 300 மில்லிமீற்றருக்கு மேல். அதோடு மகாவலி வந்து கொட்டியார்க் குடாவில் விழுகிறது. தம்பலகாமம் குடாவில் சேரும் வெள்ளம் கிண்ணியாப் பாலத்துக்குக் கீழால் வெளியேறுகிறது. இத்தனை நல்ல தண்ணியும் கடலோடு உடனே கலப்பதில்லை. ஆயிரம் லீற்றர் கடல்தண்ணி ஏறக்குறைய 1025 கிலோ, நல்ல தண்ணி ஆயிரம் கிலோ. பாரம் குறைந்தது மேலே மிதக்கும். இங்கே கடல் ஏறும் வெள்ளத்துக்கும் இறங்கும் வற்றுக்கும் இடையில் இரண்டு அடி வித்தியாசம்கூட இல்லாததால் கலக்கிவிட வலுவான ஓட்டமும் கிடையாது. அதனால் மண்ணிறத் தண்ணி பாய் விரித்த மாதிரி மேலே கிடக்கும். அதன் தடிப்பு சில நாள் ஒரு முழம், சில நாள் ஒரு பாகத்துக்கு (ஏறக்குறைய ஆறு அடி) மேல்.

எவ்வளவு தடிப்பு என்று பார்க்க இரண்டு வழி. லேசான வழி, எஞ்சினை ஓட்டிக்கொண்டே பின்னால் பார்ப்பது. எஞ்சின் காற்றாடி கிளப்பும் தண்ணி பச்சையாக வந்தால் மேல்படை மெல்லியது. அதுவும் மண்ணிறமாகவே வந்தால் தடிப்பு அதிகம். சரியான வழிக்கு ஒரு சோடாப் போத்தல் போதும். அடியில் 300 கிராம் ஈயம், வாயில் இறுக்கமில்லாத தக்கை, தக்கையில் தனி நூல். போத்தலை ஒரு பாகம் இறக்கி நூலைச் சுண்டினால் தக்கை கழன்று அந்த ஆழத்துத் தண்ணி உள்ளே போகும். வெளியே எடுத்து நாக்கு நுனியில் தொட்டுத் துப்பிவிடுங்கள், விழுங்க வேண்டாம். பிறகு இரண்டு பாகம், மூன்று பாகம் என்று இறக்குங்கள். உப்பு முழுசாகத் தெரிகிற ஆழத்துக்குக் கீழேதான் உங்கள் இரை நிற்க வேண்டும். கேட்கச் சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். ஆனால் ஆழம் பார்க்கும் எதிரொலிக் கருவி இல்லாத போட்டில் இதைவிட உபயோகமான சாமான் கிடையாது.

[திரையில்: மீன்கள் ஒவ்வொன்றாக, எந்த ஆழத்தில் நிற்கின்றன என்ற குறியோடு.]

இந்த இரண்டு படையையும் மீன்கள் ஒரே மாதிரிப் பார்ப்பதில்லை. விளைமீன், கலவாய், செப்பிலி மூன்றும் உப்பை விட்டு வராதவை. மழைக்குப் பிறகு கரையோரக் கல்லை விட்டு ஆழத்துக்கு இறங்கிவிடும். கணவாய்க்கு உப்புக் குறைவதே ஆகாது. பெருமழை முடிந்து ஒரு வாரத்துக்குள் இரவில் விளக்குப் போட்டுக் கணவாய்க்குக் காத்திருப்பது பெற்றோலுக்கு நட்டம். கெளிறு நேர் எதிர். கலங்கல் கூடக் கூட அதற்குக் கொண்டாட்டம்.

கொடுவா தனி இனம். அது நல்ல தண்ணியிலும் வாழும், உப்பிலும் வாழும். வெள்ளத்தோடு அடித்து வரும் மணலைக் குஞ்சுக்கும் இறாலுக்கும் காத்துக்கொண்டு, கலங்கலும் பச்சைத் தண்ணியும் முட்டுகிற கோட்டில் நிற்கும். அந்தக் கோட்டைத் தேடத் தேவையில்லை. நுரையும் குப்பையும் நீளமாக வரிசை பிடித்து நிற்கும். போட்டைக் கோட்டுக்குப் பத்து மீற்றர் தள்ளிப் பச்சைப் பக்கத்தில் நிறுத்தி, இரையைக் கோட்டின் ஓரமாக விடுங்கள். பெரிய பாரையும் அங்கேதான் சுற்றும். ஒரு துணுக்கு: கொடுவா பெரும்பாலும் ஆணாக இருந்து, பெருத்த பிறகு பெண்ணாக மாறும். ஆகவே மிகப் பெரிதாகக் கிடைப்பது அநேகமாக முட்டையிடும் பெட்டை. அதைப் படம் எடுத்துவிட்டுத் தண்ணியில் விடுவது நல்லது என்பது எங்கள் கட்சி.

[திரையில்: மேசையில் தங்கூசிச் சுருள், ஈயம், சுவிவல், தூண்டில்கள். கை ஒவ்வொன்றாகக் கட்டுகிறது.]

கட்டுமானத்துக்கு வருவோம். அடிமீனுக்குக் கைத்தூண்டில் போதும். 0.50 மில்லிமீற்றர் தங்கூசி (நைலோன் நூல்) 60 மீற்றர். அதில் முதலில் துளையுள்ள ஈயத்தை ஓடவிடுங்கள், பிறகு சிறு பாசிமணி, பிறகு சுவிவல் (முறுக்கு விழாமல் சுழலும் இணைப்பு). சுவிவலுக்குக் கீழே 60 முதல் 80 சென்ரிமீற்றர் தனித்துண்டு, நுனியில் 1/0 அல்லது 2/0 அளவுத் தூண்டில். ஈயம் சுதந்திரமாக ஓடுவதால் மீன் இரையை இழுக்கும்போது பாரம் தெரியாது. மணி எதற்கென்றால், ஈயம் முடிச்சில் மோதி மோதி முடிச்சை அறுக்காமல் இருக்க. முடிச்சை இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். காய்ந்தபடி இறுக்கினால் உரசலின் சூட்டில் தங்கூசி அந்த இடத்திலேயே பலம் இழக்கும். "பெரிய மீன், அறுத்துக்கொண்டு போய்விட்டது" என்ற கதைகளில் பாதிக்கு இதுதான் காரணம்.

ஈயம் எவ்வளவு? கோடையில் இதே இடத்தில் 30 கிராம் போதும். மாரியில் போதாது. மேல்தண்ணி காற்றோடு ஒரு திசையில் நகரும், கீழ்தண்ணி அசையாமல் நிற்கும் அல்லது வேறு திசையில் போகும். இடையில் தங்கூசி வளைந்து வயிறு போடும். ஈயம் அடியில் கிடந்தாலும் மீன் கொத்துவது விரலுக்கு வந்து சேராது. இரை தின்னப்பட்ட பிறகும் நீங்கள் வெறும் தூண்டிலைப் பிடித்துக்கொண்டு இருப்பீர்கள். முதலில் 60 கிராமுக்கு மாறுங்கள், அப்படியும் வயிறு விழுந்தால் 80. அதற்கு மேல் பாரம் ஏற்றுவதைவிடத் தங்கூசியை 0.40 ஆக மெலிதாக்குவது கெட்டித்தனம், மெல்லிய நூலைத் தண்ணி குறைவாகத்தான் தள்ளும்.

கொடுவாவுக்குத் தனித்துண்டு 0.80 மில்லிமீற்றர். அதன் செவுள் மூடியின் ஓரம் சவர அலகு மாதிரி, மெல்லியதை ஒரே உதறலில் வெட்டிவிடும். 4/0 வட்டத் தூண்டிலில் (முனை உள்நோக்கி வளைந்தது) உயிர்க் கீளி அல்லது மணலையை முதுகுச் சிறகுக்குச் சற்று முன்னால் கோர்க்க வேண்டும். முதுகெலும்பில் பட்டால் இரை செத்துவிடும். வட்டத் தூண்டிலில் பழக்கதோஷத்தால் சுண்டி இழுக்காதீர்கள். இழுத்தால் வாயை விட்டு வழுக்கி வந்துவிடும். நூல் இறுகட்டும், பாரம் தெரியட்டும், பிறகு ஒரே சீராகச் சுற்றுங்கள். தூண்டில் தானாகத் திரும்பிக் கடைவாயில் ஏறும். சீலா சுற்றுகிற இடமென்றால் 15 சென்ரிமீற்றர் கம்பித் துண்டு அவசியம்.

இரையில் இறாலை எல்லாரும் விரும்புகிறார்கள், மீன் உட்பட. சிக்கல் என்னவென்றால் கீளியும் காரலும் அதை இரண்டு நிமிடத்தில் உரித்துவிடும். கணவாயைச் சுண்டுவிரல் அகலத்தில் கீறி நுனியில் மட்டும் கோர்த்தால் கால் மணித்தியாலம் நிற்கும். கலங்கலில் மீன் கண்ணைவிட மூக்கை நம்பும், ஆகவே சூடையோ சாளையோ வெட்டிப் போட்டால் அதன் எண்ணெய் வாடை வேலை செய்யும். பளபளக்கும் போலி இரையைக் கலங்கலுக்குள் இழுத்துக் காலத்தைப் போக்காதீர்கள்.

[திரையில்: கடிகாரம் 5.45. பிறகு 10.30. இரண்டு நேரத்திலும் அதே இடத்துத் தண்ணீர்.]

இப்போது காற்று. விடியும் நேரத்தில் தரைக்காற்று வாடையைக் கொஞ்சம் அடக்கி வைக்கும். வெயில் ஏறியதும் கடற்காற்று வாடையோடு கூட்டுச் சேரும். ஐந்தே முக்காலுக்குக் கண்ணாடி மாதிரி இருந்த தண்ணி பத்தரைக்குக் குறுகுறு அலையாகிவிடும். நகரப் பக்கத்திலிருந்து தெற்கே, கொட்டியார்க் குடாவை நோக்கிப் போனால் காற்று முதுகில், பயணம் சுகம். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும், பெற்றோலும் கூடத் தின்னும். மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. உள்துறைமுக வாயைத் தாண்டினால் மறைப்பு முடிந்தது. அங்கே வரும் அலை வங்காள விரிகுடாவின் அலை. பதினெட்டு அடி போட்டோடு அந்த எல்லையைத் தொட வேண்டாம்.

தாழமுக்கச் செய்தி வந்த அன்று உள்துறைமுகமும் சேர்த்திதான். 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கேதான் கரை கடந்தது. வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பரப்பு அறிவித்தலைப் புறப்படும் காலையிலும் பாருங்கள். முதல்நாள் பார்த்தது போதாது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

[திரையில்: கட்டி நிற்கும் ஃபைபர் போட், உள்ளே மழைத்தண்ணீர்.]

இரவு 50 மில்லிமீற்றர் மழை பெய்தது என்று வைத்துக்கொள்வோம். போட்டின் உள்பரப்பு ஆறு சதுர மீற்றர் என்றால் உள்ளே 300 லீற்றர், அதாவது 300 கிலோ. நாலு பேர் ஒரே பக்கம் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி. தண்ணி ஓடித் திரியும் பாரம் என்பதால் அதைவிட மோசம், போட் சாய்கிற பக்கமே அதுவும் ஓடும். கடைசிச் சொட்டு வரை இறைக்காமல் ஏறக் கூடாது.

எஞ்சினுக்கு மாரியில் இரண்டு எதிரி. ஒன்று, பெற்றோலில் தண்ணி. பாதி நிரம்பிய தாங்கியின் உள்ளே ஈரக்காற்று வியர்த்து அடியில் சேரும். எஞ்சின் நன்றாக எடுத்து ஐந்து நிமிடத்தில் இருமி நின்றால் முதலில் வடிகட்டியைப் பாருங்கள். இரண்டு, குப்பை. பொலித்தீன் பை குளிர்த்தண்ணி உறிஞ்சும் வாயை மூடிவிடும். பின்பக்கத்து ஓட்டையால் பீய்ச்சும் தண்ணிக் கோட்டில் ஒரு கண் இருக்கட்டும். அது மெலிந்த உடனே எஞ்சினை நிறுத்தித் தூக்கிப் பைகளைப் பிடுங்குங்கள். கடலில் எறியாமல் போட்டுக்குள் போடுங்கள். எறிந்தால் அடுத்த போட்டுக்குப் போகும்.

நங்கூரம் எப்போதும் அணியத்தில்தான். பின்னால் கட்டினால் அலை எஞ்சின் பக்கத்தால் ஏறும். கயிறு ஆழத்தைப் போல நாலு மடங்கு. இந்தத் துறைமுகத்தின் அடியில் கல் மட்டுமல்ல, பழைய இரும்பும் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9 யப்பானியக் குண்டுவீச்சில் அடிபட்ட சகாயிங் கப்பல் இங்கேதான் மூழ்கிக் கிடந்து, 2018இல் கடற்படையால் மேலே கொண்டுவரப்பட்டது. 1944இல் ஒரு மிதக்கும் கப்பல்துறையும் இங்கே மூழ்கியது. ஆகவே நங்கூரக் கயிற்றை நேரே தலை வளையத்தில் கட்டாதீர்கள். கம்பிகள் சேரும் அடிப்பக்கத்தில் கட்டி, தண்டு வழியாக மேலே கொண்டுவந்து, தலை வளையத்தில் மெல்லிய நூலால் மட்டும் பிணையுங்கள். சிக்கினால் போட்டால் இழுக்க, நூல் அறுந்து நங்கூரம் அடிப்பக்கமாக உருவி வரும். நூல் மிக மெல்லியதாக இருந்தால் சாதாரணக் காற்றிலேயே அறுந்து போட் நழுவும். இரண்டையும் கரையோரத்தில் ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கடற்படைத் தளத்தின் ஓரம், சோபர் தீவைச் சுற்றிய பகுதி, கப்பல் நிற்கும் துறைகள் இவற்றுக்குக் கிட்டப் போகாதீர்கள். எந்த இடத்தில் நிற்கலாம், படகுப் பதிவு எப்படி என்பதைக் கடற்றொழில், நீரியல் வளத் திணைக்கள மாவட்ட அலுவலகத்திலும் துறைமுக அதிகாரசபையிலும் கேட்டு எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: கெளிறு, ஓரா, பேத்தை. முட்கள் இருக்கும் இடம் சிவப்பில்.]

கெளிறுக்கு முதுகில் ஒன்று, பக்கங்களில் ஒவ்வொன்று, மூன்று விஷமுள். ஓராவுக்கு அதைவிட அதிகம். குத்தினால் தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணியில், ஏறக்குறைய 45 பாகையில், அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் காயத்தை வைத்திருங்கள். விஷத்தின் கடுப்பைச் சூடு தணிக்கும். பிளாஸ்கில் கொண்டுபோகும் சுடுதண்ணி தேநீருக்கு மட்டுமல்ல. மூச்சு முட்டினாலோ வீக்கம் பரவினாலோ 1990 இலக்கத்தில் அம்புலன்சை அழைத்துக் கரைக்கு வாருங்கள். பேத்தையை எப்படிச் சமைத்தாலும் அதன் விஷம் போகாது, தங்கூசியை வெட்டித் தூண்டிலோடு தண்ணியில் விடுங்கள்.

பிடித்த மீனின் செவுளை உடனே வெட்டி இரத்தம் வடியவிட்டு, இரண்டு பங்கு ஐஸ் ஒரு பங்கு கடல்தண்ணி கலந்த பெட்டியில் அமிழ்த்துங்கள். கலங்கல் மேல்தண்ணியை அதற்கு அள்ளாதீர்கள், ஆற்றுச் சேறும் நகரக் கழிவும் அதில்தான் இருக்கும். போத்தலை இறக்கிய அதே ஆழத்திலிருந்து, வாளியின் அடியில் கல் கட்டி எடுங்கள். கரைக்கு வந்ததும் எஞ்சினை நல்ல தண்ணியில் பத்து நிமிடம் ஓட்டி, தங்கூசியின் கடைசி இரண்டு மீற்றரை வெட்டி, கடலில் எறியாமல் சுருட்டிக் குப்பைக்குப் போட்டு, அடுத்த முறைக்குப் புது முடிச்சு போடுங்கள்.