பேய் டார்கெட் கொடுக்குமா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். எனக்கு ஒதுக்கிய நேரம் குறைவு, மணியோ நடுவர் கைக்கு அருகில் இருக்கிறது. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

'லீத்தல் கம்பெனி' என்னும் கணினி விளையாட்டில் நம்மைப் பெரிதும் நடுங்க வைப்பது இன்றைய அலுவலகமா, பழங்கதையா என்பது தலைப்பு. நான் பழங்கதையின் பக்கம். விளையாடாதவர்களுக்கு இரண்டு வரி: ஸீக்கர்ஸ் என்ற புனைபெயரில் இயங்கும் ஒருவர் தனியாளாக உருவாக்கி, 2023 அக்டோபரில் வெளியிட்ட விளையாட்டு இது. கைவிடப்பட்ட நிலவுகளில் இறங்கி, இருட்டுக் கட்டடங்களில் கிடக்கும் ஓட்டை உடைசலைப் பொறுக்கி வந்து கம்பெனிக்கு விற்க வேண்டும். கெடு மூன்று நாள், முதல் இலக்கு விளையாட்டுப் பணத்தில் 130. எட்டவில்லை என்றால் கப்பலின் கதவைத் திறந்து ஊழியர்களை விண்வெளியில் கொட்டிவிடுவார்கள்.

சென்ற தீபாவளிக்கு ஊருக்கு வர முடியாத என் தம்பி, ஷார்ஜாவிலிருந்து கூப்பிட்டு, "அக்கா, நாலாவது ஆள் வரவில்லை, நீ வந்து சும்மா நில், எதையும் தொடாதே" என்றான். நின்றேன். பொறுக்கிய பொருள்களை விற்பதற்காகக் கார்டியன் என்ற இடத்தில் இறங்கினோம். அங்கே கம்பெனி என்று பெயரே தவிர, இருப்பது ஒரு பெரிய சுவரும் ஒரு கவுண்டரும் ஒரு மணியும்தான். பொருளைக் கவுண்டரில் வைத்துவிட்டு மணியை அடித்துக் காத்திருக்க வேண்டும். நான் அடித்தேன். யாரும் வரவில்லை. ரேஷன் கடையிலும் தாலுகா அலுவலகத்திலும் கால் கடுக்க நின்று பழகிய பெண் நான். கவுண்டரில் மணி இருந்தால், ஆள் வரும்வரை அடிப்பதுதான் முறை என்பது என் எண்ணம். மறுபடி அடித்தேன். "அக்கா, போதும்" என்றான் தம்பி. "உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரிய வேண்டாமா?" என்று கேட்டுக்கொண்டே இன்னும் நான்கு முறை அடித்தேன். ஆள் இருந்தார். சுவரின் கதவு திறந்தது, நீளமாக ஏதோ வந்தது, கவுண்டர் ஓரம் நின்ற தம்பியின் நண்பனைச் சுருட்டி உள்ளே இழுத்துக்கொண்டது.

அந்தப் பையன் தம்பியோடு ஒரே அறையில் தங்கியிருப்பவன், அடுத்த கட்டிலில் உட்கார்ந்துதான் விளையாடிக்கொண்டிருந்தான். இந்த விளையாட்டில் இறந்தவர் பேசுவது உயிரோடு இருப்பவர்களுக்குக் கேட்காது. ஆகவே அவன் மைக் செத்துவிட்டது. ஆனால் அவன் என்னைத் திட்டியது முழுவதும், ஒரு சொல் குறையாமல், தம்பியின் மைக் வழியாக எனக்கு வந்து சேர்ந்தது. செத்தவன் வாயால் திட்டு வாங்கிய பெண் இந்த அரங்கில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நீங்கள் சிரித்ததில் நான் முக்கியமானதை விட்டுவிட்டேன், மறுபடியும் சொல்கிறேன். அந்தச் சுவருக்குப் பின்னால் மேலாளர் இல்லை, கணக்கர் இல்லை. படையலை வைத்துவிட்டு ஓசைப்படாமல் நிற்க வேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தின் கார்ன்வால் தகரச் சுரங்கத் தொழிலாளர்கள் பூமிக்கடியில் சீட்டியடிக்க மாட்டார்கள். அங்கே வாழும் 'நாக்கர்' என்னும் குட்டிப் பூதங்களுக்கு அது பிடிக்காது என்பது அவர்கள் நம்பிக்கை. தின்ற பாஸ்டி என்னும் மாவுப் பண்டத்தின் கடைசி ஓரத்தை அவற்றுக்கென்று விட்டுவைப்பார்கள். பொலிவியாவின் பொட்டோசி மலைச் சுரங்கங்களில் 'எல் டியோ' என்ற கொம்பு முளைத்த உருவத்தின் வாயில் இன்றும் சிகரெட் பற்றவைத்துச் செருகிவிட்டுத்தான் வேலை தொடங்குகிறார்கள். வைத்துவிட்டு வாய்மூடி நிற்பது அவர்கள் கற்ற பாடம். அதைக் கல்லாமல் மணியடித்தவள் நான்.

இனி எதிரணி அண்ணனிடம் வருகிறேன். அவர் மென்பொருள் நிறுவனத்தில் குழுத்தலைவர். "எந்தப் பேயாவது டார்கெட் கொடுத்ததுண்டா? எந்த ராட்சசனாவது மாதக் கடைசியில் எக்செல் ஷீட் கேட்டானா?" என்று கேட்டார்; கூரை அதிரக் கைதட்டினீர்கள். அண்ணனுக்குப் பாட்டி கதை சொல்லி வளர்க்கவில்லை என்பது அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

கிரிம் சகோதரர்கள் 1812-இல் அச்சிட்ட ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மாவரைப்பவன் ஒருவன், தன் மகள் வைக்கோலைப் பொன்னாக நூற்பாள் என்று அரசனிடம் அளந்துவிடுகிறான். அரசன் அவளை வைக்கோல் நிறைந்த அறையில் அடைத்து, விடிவதற்குள் பொன்னாக்காவிட்டால் தலை போகும் என்கிறான். எப்படியோ பொன்னாகிறது. பாராட்டினானா? அடுத்த இரவு அதைவிடப் பெரிய அறை, மூன்றாம் இரவு அதைவிடவும் பெரிய அறை. மூன்று இரவு, தவறினால் மரணம், எட்டினால் உயரும் இலக்கு! இந்த விளையாட்டிலும் 130-ஐ எட்டியவருக்குக் கிடைக்கும் பரிசு அதைவிடப் பெரிய எண்தான். அண்ணன் நிறுவனத்தில்கூட மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் உயர்த்துவார்கள் என்று கேள்வி.

போதவில்லையா? கிரேக்கத்துக்குப் போவோம். கிரீட் தீவின் புதிர்வழிக் கோட்டத்தில் அடைபட்ட, காளைத்தலை கொண்ட மினோட்டார் என்னும் அரக்கனுக்கு ஏதென்ஸ் நகரம் ஏழு இளைஞர்களையும் ஏழு கன்னியரையும் அனுப்ப வேண்டும்; ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். எண்ணிக்கை, தவணை, ஆண்பெண் விகிதம் எல்லாம் வகுத்து வைத்திருந்த அந்த மனிதவளத் துறை அண்ணன் கண்ணில் படவில்லையா?

அவருக்கென்றே இன்னொன்றை வைத்திருக்கிறேன். அர்ஜென்டினாவின் வடமேற்கில் துகுமான் வட்டாரம் சர்க்கரை ஆலைகளின் பூமி. அங்கே 'எல் ஃபமிலியார்' என்றொரு கதை வழங்குகிறது. ஆலை முதலாளி சாத்தானோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறான். ஆலையின் நிலவறையில் ஒரு பெரிய கறுப்பு நாய் வாழ்கிறது, சிலர் பாம்பு என்பார்கள். ஆலை செழிக்க வேண்டுமானால் ஆண்டுக்கு ஒரு கூலியாளை அதற்குக் கொடுக்க வேண்டும். சிலுவை வடிவப் பிடியுள்ள கத்தி வைத்திருப்பவன் தப்பலாம் என்றும் சொல்வார்கள். யாரைக் கொடுப்பது? எதிர்த்துப் பேசுபவனை, கேட்பதற்கு ஆளில்லாமல் தூரத்திலிருந்து பிழைக்க வந்தவனை இரவு வேலை என்று சொல்லிக் கீழே அனுப்புவார்கள். நடுவர் அவர்களே, ஒரு நிறுவனம், அதன் சுவருக்குப் பின்னால் ஒரு பசி, அந்தப் பசிக்கு ஊழியர்! கணினி இல்லாத காலத்திலேயே, கரும்பு வெட்டிய கையோடு மாட்டே என்னும் மூலிகைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டு சொன்ன கதை இது. ஸீக்கர்ஸ் இதைக் கேட்டுவிட்டுத்தான் செய்தார் என்று நான் சாதிக்கவில்லை. கூலிக்குப் போனவர்கள் எந்தத் தேசத்தில் இருந்தாலும், முதலாளியைப் பற்றி இருட்டில் சொல்லிக்கொண்ட கதை இப்படித்தான் இருந்திருக்கிறது. அண்ணன் சொல்லும் அலுவலக அச்சமே இந்தக் கதையின் பேரப்பிள்ளைதான்.

இன்னும் ஒன்று. விளையாட்டின் கப்பலில் உள்ள கணினித் திரையில், முன்பு வேலை பார்த்த ஓர் ஊழியன் விட்டுச்சென்ற குறிப்புகள் கிடைக்கும். அவன் பெயர் சிகுர்ட். பேராசையால் டிராகனாக மாறிப் பொற்குவியல்மேல் படுத்துக்கிடந்த ஃபாஃப்னிரைக் கொன்ற வட ஐரோப்பியப் பழங்கதை வீரனின் பெயரும் சிகுர்ட். தற்செயல் என்று எதிரணி சொல்லட்டும். அந்த வீரனுக்கு வாள் இருந்தது, இந்தச் சிகுர்டுக்குக் குறிப்பெழுதத்தான் முடிந்தது.

விளையாட்டில் 'நட்கிராக்கர்' என்றொரு மரச்சிப்பாய் துப்பாக்கியோடு காவல் சுற்றும். நாம் அசையாமல் நின்றால் அதன் கண்ணுக்குப் படமாட்டோம். அந்தக் கொட்டையுடைக்கும் பொம்மை ஜெர்மனியின் எர்ட்ஸ்கெபிர்கே மலையில், வெள்ளியும் தகரமும் வற்றியபின் சுரங்கத் தொழிலாளர்கள் மரம் கடையத் தொடங்கிய ஊர்களிலிருந்து வந்தது. அரசன், சிப்பாய், காவல்காரன் என்று தங்களை அதட்டியவர்களின் முகத்தையே செதுக்கி, அவர்கள் வாயில் கொட்டையைக் கொடுத்துக் கடிக்கவைத்தார்கள். விளையாட்டிலோ அந்தப் பொம்மை மறுபடியும் ஆயுதத்தை எடுத்துக்கொண்டு தொழிலாளியையே சுடுகிறது. எனக்கு இது வலித்தது.

அதன் கையில்தான் அன்றிரவு நான் செத்தேன். "அசையாதே அக்கா" என்று தம்பி சொன்னான், நான் அசைந்துவிட்டேன். செத்தபின் திரையில் அவர்களைப் பார்க்கலாம், அவர்கள் பேசுவதைக் கேட்கலாம். நான் பேசினால் யாருக்கும் கேட்காது. பேய் என்பது என்ன என்று எத்தனையோ கதை கேட்டும் விளங்காதது அந்த நேரத்தில் எனக்கு விளங்கியது. துகுமானில் கரும்பு வெட்டப் போய்த் திரும்பாதவனின் வீட்டில், "ஃபமிலியார் கொண்டுபோய்விட்டது" என்று சொல்லி அழுத பெண்களை நினைத்துக்கொண்டேன். அவர்களுக்கு உடல்கூடக் கிடைத்திருக்காது.

நள்ளிரவில் கப்பல் தானாகக் கிளம்பிவிடும். தம்பியின் கையில் பெரிய இரும்பு அச்சு ஒன்று இருந்தது, அது இருந்தால் இலக்கு எட்டும். என் உடல் கிடந்த இடைவழியைக் கடந்தவன் நின்றான். அச்சைக் கீழே போட்டான். என்னைத் தூக்கிக்கொண்டான். "டேய், உடலை விட்டால் கொஞ்சம் அபராதம்தான், இரும்பை எடு" என்று கத்தினான், முன்பு என் மணியால் செத்து, அடுத்த சுற்றில் மீண்டு வந்திருந்த அதே நண்பன். மைக்கில் தம்பி மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. மூன்று தீபாவளியாக அவனை நான் நேரில் பார்க்கவில்லை.

"அக்காடா" என்றான்.

நான் இங்கிருந்து பதில் சொன்னேன். அவனுக்குக் கேட்கவில்லை. இலக்குக் குறைந்தது, கதவு திறந்தது, நால்வரையும் கொட்டிவிட்டார்கள்.

நடுவரின் கை மணிக்குப் போவது தெரிகிறது. ஒருமுறை அடித்தால் போதும் ஐயா, அமர்ந்துவிடுகிறேன்.